வெளியே வராத கதவுக் கைப்பிடி: மாற்றுவதா, பழுது பார்ப்பதா, அப்படியே விடுவதா?

மின்சாரக் கார் வாங்கி ஏழெட்டு வருடம் ஆனவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பேட்டரி நன்றாக இருக்கிறது, மோட்டாரில் குறையில்லை, கதவுக்குள் மறைந்து கிடக்கும் கைப்பிடி மட்டும் வெளியே வர மாட்டேன் என்கிறது. சர்வீஸ் சென்டரில் "முழு அசெம்பிளியையும் மாத்தணும்" என்கிறார்கள், அதாவது கைப்பிடியையும் அதன் உள் பாகங்களையும் மொத்தமாக. வெளியே இருக்கும் மெக்கானிக், "உள்ளே ஒரு சுவிட்சுதான் போயிருக்கு, அதை மட்டும் போட்டுத் தர்றேன்" என்கிறார். இன்னொருவர், கழித்த வண்டியிலிருந்து எடுத்த கைப்பிடி இருக்கிறது என்கிறார். வீட்டில் இருப்பவர்களோ, "அந்தக் கதவை விட்டுட்டு இந்தப் பக்கம் ஏறினா போச்சு" என்கிறார்கள்.

நாலு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. உங்களுக்கு எது சரி என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உள்ளே கெட்டது எந்தப் பாகம், அந்தக் கதவோரம் உட்காருவது யார். விலையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலாவது, பாதுகாப்பு. விபத்து நடந்தால், உதவிக்கு ஓடி வருபவர் வெளியிலிருந்து அந்தக் கதவைத் திறக்க முடியுமா? உள்ளே இருப்பவர் தானாகத் திறந்து வெளியே வர முடியுமா? மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் மேலே வைக்கிறேன், காரணமும் இருக்கிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2025 செப்டம்பரில், 2021-ஆம் வருடத்து டெஸ்லா மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 குறித்து விசாரணை தொடங்கியது. வெளிக் கைப்பிடி வேலை செய்யாமல் போகிறது என்பதுதான் புகார். பின் சீட்டில் குழந்தை இருக்க, இறங்கிய பெற்றோரால் கதவைத் திறக்க முடியவில்லை. சிலர் கண்ணாடியை உடைத்துத்தான் குழந்தையை வெளியே எடுத்தார்கள். அதே வருடம் ஃபோர்டு, மஸ்டாங் மாக்-ஈ கார்கள் ஏறத்தாழ 1,97,000-ஐத் திரும்ப அழைத்தது. 12 வோல்ட் பேட்டரி (காரை ஓட்டும் பெரிய பேட்டரி இல்லை, பூட்டு போன்ற சின்ன வேலைகளுக்கான தனி பேட்டரி) இறங்கிவிட்டால் வெளியிலிருந்து கதவு திறக்காமல் போகலாம் என்பது அங்கே காரணம். சீனாவில், 2027 ஜனவரி 1 முதல் புதிய மாடல்களின் கதவுகளில் மின்சாரம் இல்லாமலே திறக்கும் வழி உள்ளேயும் வெளியேயும் இருந்தாக வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. கைப்பிடிப் பழுதைச் சின்னத் தொந்தரவு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

இரண்டாவது, கைப்பிடியின் வகை. எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே வேறு வேறு. 2012-ல் வந்த டெஸ்லா மாடல் எஸ், 2018-ல் வந்த ஜாகுவார் ஐ-பேஸ் போன்றவற்றில் ஒரு சின்ன மோட்டார் கைப்பிடியை வெளியே தள்ளும். டெஸ்லாவின் மாடல் 3, மாடல் ஒய் கார்களில் அந்த மோட்டார் கிடையாது. கட்டைவிரலால் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை வெளியே வரும், ஆனால் பூட்டைத் திறப்பது மின்சாரம்தான். இன்னும் சில கார்களில் கைப்பிடி மட்டும் உள்ளடங்கியிருக்கும், பூட்டு பழைய மாதிரி கம்பியிலோ கேபிளிலோ இயங்கும். மோட்டார் வகையில் கெடுவதற்குப் பாகங்கள் அதிகம். அதனால் தெரிவுகளும் அங்கேதான் அதிகம்.

மூன்றாவது, என்ன கெட்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்காமல் யாரிடமும் விலை கேட்காதீர்கள். அறிகுறிகளே பாதி சொல்லிவிடும்:

- நாலு கைப்பிடியும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால் குற்றவாளி கைப்பிடி இல்லை. 12 வோல்ட் பேட்டரி, பியூஸ், சாவி, இந்த வரிசையில் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி சோர்ந்து போனதைக் கைப்பிடிப் பழுது என்று நினைத்துச் செலவழிப்பவர்கள் நிறையப் பேர்.
- மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, கைப்பிடி அசையவில்லை என்றால் உள்ளே இருக்கும் கியர் உடைந்திருக்கும்.
- கைப்பிடி அழகாக வெளியே வருகிறது, இழுத்தால் கதவு திறக்கவில்லை என்றால், ‘இழுத்தாயிற்று’ என்று பூட்டுக்குச் சொல்லும் மைக்ரோ சுவிட்ச் அல்லது அதன் வயர்.
- சத்தமே இல்லை என்றால் மோட்டார், கனெக்டர், வயர், கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டி, எதுவாகவும் இருக்கலாம்.
- வருவதும் போவதுமாக ஆடினால், கைப்பிடி எங்கே நிற்கிறது என்று பார்க்கும் சுவிட்ச்.
- குளிரில் மட்டும், மழைக்குப் பிறகு மட்டும் அடம்பிடித்தால் பனி, அழுக்கு, காய்ந்த கிரீஸ். சுத்தம் செய்து பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

ஒன்றைச் சோதித்துவிடுங்கள்: அந்தக் கதவு உள்ளே இருந்து சாதாரணமாகத் திறக்கிறதா? திறந்தால் பூட்டு நல்லபடி இருக்கிறது, பழுது கைப்பிடிப் பக்கம். உள்ளே இருந்தும் திறக்கவில்லை என்றால் பூட்டையே பார்க்க வேண்டும். அது வேறு வேலை.

நான்காவது, இந்தக் காரை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள். அடுத்த வருடம் விற்பவரும், பேட்டரி தீரும்வரை ஓட்டப்போகிறவரும் ஒரே முடிவெடுக்கத் தேவையில்லை.

கடைசியாகக் கூலி. பலரும் கவனிக்காதது இதுதான். சுவிட்சை மாற்றினாலும் முழு அசெம்பிளியை மாற்றினாலும், கதவின் உட்பக்கப் பலகையை (மெக்கானிக்குகள் டோர் பேட் என்பார்கள்) கழற்றியாக வேண்டும். அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஈரத்தடுப்பு ஷீட்டைப் பிரிக்க வேண்டும். இடுக்கில் கையை விட்டு நட்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். கதவைப் பிரித்து மூடும் கூலி இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே சின்ன பாகத்தைப் போட்டு மிச்சம் பிடித்த பணம், இரண்டே வருடத்தில் மறுபடி அதே கதவைப் பிரிக்க நேர்ந்தால் அங்கேயே போய்விடும்.

## உள்ளே இருக்கும் பாகத்தை மட்டும் மாற்றுவது

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாடல் எஸ் காரின் ஆரம்பகாலக் கைப்பிடியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தப் பழுதில் அதிக அனுபவம் சேர்ந்திருப்பது அதில்தான். உள்ளே ஒரு மோட்டார், வார்ப்பு உலோகத்தில் செய்த துடுப்பு வடிவக் கியர், ஓரிரு மைக்ரோ சுவிட்சுகள், அவற்றிலிருந்து வரும் மெல்லிய வயர்கள். கைப்பிடி ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அந்த வயர்கள் ஒரே இடத்தில் வளைந்து நிமிர்கின்றன. தினமும் பல முறை, வருடக்கணக்கில். போன் சார்ஜர் வயர் கழுத்தில் அறுந்துபோவது போலத்தான் இதுவும்: மேலே உறை முழுதாக இருக்கும், உள்ளே செம்புக் கம்பி துண்டாகியிருக்கும். விரலால் மெதுவாக வளைத்துப் பார்த்தால் அந்த ஓர் இடம் மட்டும் தொளதொளவென்று மடியும். இழுத்தால் சில நேரம் திறக்கிறது, சில நேரம் திறக்கவில்லை என்ற விளையாட்டு இதனால்தான். முனைகள் தொட்டுக்கொண்டால் வேலை செய்யும், விலகினால் இல்லை.

கியர் கதை வேறு. வார்ப்பு உலோகம் என்பதால் தேய்வதில்லை, ஒரு நாள் பட்டென்று உடைகிறது. அதற்கு மாற்றாக எஃகில் கடைந்த கியர்கள் வெளிச்சந்தையில் கிடைக்கின்றன. ஒரு முறை போட்டால் அந்தப் பாகம் மறுபடி உடைவது அரிது. முழு அசெம்பிளியோடு ஒப்பிட்டால் இந்தச் சின்னப் பாகங்களின் விலை மிகக் குறைவு.

சரி, மறைந்திருக்கும் செலவுகள் என்ன?

ஒன்று, டோர் பேட் கிளிப்புகள். வயதான கார்களில் பிளாஸ்டிக் காய்ந்திருக்கும். கழற்றும்போது சில உடையும். புதுக் கிளிப்புகளை முன்னாலேயே வாங்கி வைக்காவிட்டால், ஓடும்போது கதவு கடகடவென்று சத்தம் போடும்.

இரண்டு, ஈரத்தடுப்பு ஷீட். இதைக் கிழித்துவிட்டு, டேப் ஒட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. அடுத்த மழையில் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் காருக்குள் வரும். கார்பெட் நனைந்து நாற ஆரம்பித்த பிறகுதான் தெரியும். சில கார்களில் பக்கவாட்டு மோதலைக் கண்டறியும் அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. கதவு சரியாக மூடப்பட்டிருப்பதை நம்பித்தான் அது வேலை செய்கிறது. எனவே ஷீட்டைப் பழையபடி ஓட்டையில்லாமல் ஒட்டித் தரச் சொல்லுங்கள், ஒட்டிய பிறகு பேட் போடுவதற்கு முன் நீங்களே ஒரு பார்வை பாருங்கள்.

மூன்று, கண்ணாடி. கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் (ஃபிரேம்) இல்லாத கதவுகளில், கதவு திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கி வழிவிடும். வேலைக்காக 12 வோல்ட் இணைப்பைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தினால் கண்ணாடி இறங்காது. நேராக ஓரத்தில் மோதும். ஒரு சுவிட்சுக்காகப் போய்க் கண்ணாடிக்குச் செலவழிக்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

மின்சாரக் கார் என்பதால் கை வைக்கத் தயங்கும் மெக்கானிக்குகளுக்கு ஒன்று சொல்லலாம்: கதவுக்குள் உயர் மின்னழுத்தம் வருவதில்லை, எல்லாம் 12 வோல்ட் வேலை. கை வேலையில் பழக்கமுள்ளவர் தாமாகவே செய்யலாம். தகட்டின் உள் ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும், கையுறை கட்டாயம்.

இந்த வழியில் போனால் என் ஒரே நிபந்தனை: கதவைப் பிரித்த பிறகு கெட்டதை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். வயர் அறுந்திருந்தால் சுவிட்சுகளையும் மாற்றுங்கள். கியர் உடைந்திருந்தால் வயர்களையும் மாற்றுங்கள். எல்லாம் ஒரே வயது, ஒரே அளவு உழைத்தவை. கூலி ஏற்கெனவே கொடுத்தாயிற்று, பாகங்களுக்குத்தான் கொஞ்சம் கூடும்.

## முழு அசெம்பிளியைப் புதிதாகப் போடுவது

நான்கில் செலவு அதிகமான வழி. ஆனால் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். பல பாகங்கள் சேர்ந்து கெட்டிருக்கும்போதும், மோட்டாரே போய்விட்டபோதும் இதுதான் நேர் வழி. தயாரிப்பாளர் பின்னாளில் திருத்திய வடிவம் கிடைக்கும் என்பது இன்னொரு லாபம். மாடல் எஸ் கைப்பிடி காலப்போக்கில் சில முறை மாற்றியமைக்கப்பட்டது. செய்த வேலைக்கு உத்தரவாதமும் வரும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி பொருத்தம். பழைய தலைமுறைக் கைப்பிடி இருந்த கதவில் புதிய தலைமுறையைப் போடும்போது கனெக்டரோ கட்டுப்பாட்டுப் பெட்டியோ மாறலாம், மென்பொருளிலும் பதிவு செய்ய வேண்டியிருக்கலாம். இதெல்லாம் முதலில் சொன்ன தொகைக்குள் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளித்தகட்டின் நிறமோ பளபளப்போ மற்ற மூன்றோடு ஒத்துப்போகுமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவுக்கு இந்த வழியை நான் தயங்காமல் ஆதரிப்பேன். மற்ற எல்லாக் கதவுகளையும் விட அதிகம் உழைப்பது அது. அங்கே இரண்டாவது முறை பழுது வந்தால், மழையில் நனைந்துகொண்டு மறுபக்கமாக ஏறித் தாண்டி உட்காருவது நீங்கள்தான்.

## கழித்த வண்டியிலிருந்து எடுத்த கைப்பிடி

விலை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் நீங்கள் வாங்குவது, உங்களுடையது எத்தனை முறை வளைந்ததோ ஏறத்தாழ அத்தனை முறை வளைந்த வயரை. அந்த வண்டி எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. வேலை செய்கிறது என்று மேசைமேல் காட்டினாலும், இன்னும் எவ்வளவு காலம் என்பதற்கு அது பதிலில்லை. கூலியோ புதியதற்குக் கொடுக்கும் அதே கூலி. திரும்பக் கொடுக்க முடியுமா என்றால் பெரும்பாலும் முடியாது.

அதனால் சாதாரணமாக இதை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு சந்தர்ப்பம் விதிவிலக்கு. ஒன்று, இடிபட்டு வெளித்தகடு நசுங்கியது, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது; அப்போது பழைய தகடே போதும், புதிதாக வாங்கத் தேவையில்லை. இன்னொன்று, அந்த மாடலுக்குப் புதிய பாகமே வருவது நின்றுவிட்டது. அப்போது பழைய கைப்பிடியின் உடலை வாங்கி, உள்ளே புது சுவிட்சும் வயரும் போட்டு, அதன் பிறகு கதவில் பொருத்தச் சொல்லுங்கள். முன் பின், இடம் வலம் எல்லாம் வேறாக இருக்கும் மாடல்கள் உண்டு. பாகத்தின் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

## அப்படியே விட்டுவிடுவது

இதற்கு இன்று செலவே இல்லை, அதுதான் இதன் ஈர்ப்பு. யாரும் உட்காராத பின் கதவு, அதுவும் உள்ளே இருந்து ஒழுங்காகத் திறக்கிறது, காரையும் விரைவில் மாற்றப் போகிறீர்கள் என்றால் கொஞ்ச நாள் விடலாம். ஓட்டுநர் இருக்கையிலிருந்தோ ஆப் மூலமோ கதவைத் திறந்து சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் குழந்தையோ, வயதானவரோ, தானாக இறங்க முடியாதவரோ உட்காரும் கதவு என்றால் ஒரு வாரம்கூட விட வேண்டாம். குழந்தைப் பூட்டு போட்ட பின் கதவு உள்ளே இருந்தும் திறக்காது. வெளிக் கைப்பிடியும் போய்விட்டால் அந்தப் பக்கம் கதவு இருந்தும் இல்லாததுதான். மின்சாரம் இல்லாமல் உள்ளிருந்து கையால் திறக்கும் அவசர வழி இருக்கிறதே என்பீர்கள். அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: பழைய மாடல் எஸ் பின் கதவுகளுக்கு அது பின் சீட்டின் அடியில், கார்பெட்டைத் தூக்கினால் தெரியும் ஒரு கேபிள். சில மாடல் ஒய் கார்களில் கதவுப் பையின் அடியில் உள்ள விரிப்பை எடுத்தால் தெரியும். சில கார்களின் பின் கதவுகளில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. புகை நிறைந்த காரில் ஒரு குழந்தை அதைத் தேடி இழுக்கும் என்று நம்ப முடியுமா?

விடுவதற்கும் செலவு உண்டு, பின்னால் வரும். பிரிட்டனின் எம்ஓடி போன்ற தகுதிச் சோதனைகளில் முன் கதவுகள் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறந்தாக வேண்டும். விற்கும்போது, வாங்க வருபவர் முதலில் தொடுவது கதவுக் கைப்பிடியைத்தான். அது வராவிட்டால் பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பேரம் அங்கிருந்தே இறங்க ஆரம்பிக்கும்.

## ஒரே பார்வையில்

| | உள் பாகம் மட்டும் | புது அசெம்பிளி | பழைய கைப்பிடி | அப்படியே விடுவது |
|---|---|---|---|---|
| பாகத்தின் விலை | மிகக் குறைவு | அதிகம் | நடுத்தரம் | இல்லை |
| கூலி | முழுக் கூலி | முழுக் கூலி | முழுக் கூலி | இல்லை |
| எவ்வளவு காலம் தாங்கும் | எல்லாத் தேய்பாகமும் மாற்றினால் நெடுநாள் | நெடுநாள் | சொல்ல முடியாது | பொருந்தாது |
| மறைந்திருக்கும் செலவு | கிளிப், ஈரத்தடுப்பு ஷீட், கண்ணாடி | கனெக்டர், மென்பொருள் பதிவு | இரண்டாம் முறைக் கூலி | தகுதிச் சோதனை, விற்பனை விலை |
| யாருக்குப் பொருந்தும் | நம்பகமான மெக்கானிக் உள்ளவர், நீண்ட நாள் ஓட்டுபவர் | ஓட்டுநர் கதவு, மோட்டார் பழுது | வெளித்தகடு மட்டும் சேதம், பாகம் கிடைக்காத மாடல் | யாரும் உட்காராத கதவு, விரைவில் மாற்றும் கார் |

மோட்டார் இல்லாத வகை வைத்திருப்பவர்கள் இந்த அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு முதல் சந்தேகம் எப்போதும் 12 வோல்ட் பேட்டரி மேல்தான் விழ வேண்டும். அது சரியென்றால் சுவிட்ச், அதற்குப் பிறகு பூட்டு.

## மற்ற மூன்றையும் இப்போதே மாற்றிவிடலாமா?

ஒன்று கெட்டதும் பலர் இதைக் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். பின் கதவுகள் முன் கதவுகள் அளவுக்கு உழைப்பதில்லை, அதனால் அவை இன்னும் பல வருடம் ஓடலாம். அதற்குப் பதிலாக வேலையைக் குறைக்கப் பாருங்கள். மாடல் எஸ் காரில், சாவியோடு நெருங்கியதும் கைப்பிடிகள் தாமாக வெளியே வரும் வசதியை அமைப்பில் நிறுத்திவிடலாம். தொட்டால் மட்டும் வரும். காரைச் சும்மா கடந்து போகும்போதெல்லாம் வந்து போவது நின்றால் வயர்களுக்கும் கியருக்கும் அவ்வளவு உழைப்பு மிச்சம். வெளியே வந்த கைப்பிடியைக் கையால் உள்ளே தள்ளுவதையும், அதைப் பிடித்துக் கதவை இழுத்துச் சாத்துவதையும் விட்டுவிடுங்கள். பனி உறைந்திருந்தால் விரலால் நெம்பாமல், உருகிய பிறகு திறங்கள்.

வேலை முடிந்து காரை எடுக்கும்போது, பில்லைக் கட்டுவதற்கு முன் அங்கேயே நின்று பத்துப் பதினைந்து முறை கதவைத் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு முறையும் கண்ணாடி இறங்கி ஏறுகிறதா என்று பாருங்கள். கதவின் மேல் தாராளமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, உட்பக்கம் அடியில் கை வைத்துப் பாருங்கள். அந்தக் கதவுக்கு அவசரத் திறப்பு இருந்தால் அதையும் ஒரு முறை இழுத்து, எப்போதும் அங்கே உட்காருபவருக்கு இடத்தைக் காட்டி, அவர் கையாலேயே ஒரு முறை திறக்க வையுங்கள்.